பிரபஞ்சத்தோட முடிவு பத்தி ஒரு ஆன்லைன் கோர்ஸ்: வாங்கலாமா?

பிரபஞ்சம் எப்படி முடியும்னு தேடினா வந்து விழுற வீடியோல முக்காவாசி ஒரே மாதிரிதான் இருக்கு, பூமி வெடிக்கிற மாதிரி ஒரு படம், சிவப்பு எழுத்துல ஒரு தலைப்பு, உள்ள போனா அஞ்சு நிமிஷத்துல அஞ்சு முடிவையும் ஒப்பிச்சிட்டு சப்ஸ்க்ரைப் பண்ணுங்கன்னு முடிச்சிடுவாங்க. விஞ்ஞானிங்க ஏன் இப்படி நினைக்கிறாங்க, எதை அளந்து பாத்து சொல்றாங்கன்னு கேட்டா பதில் கிடைக்காது. அந்தக் கடுப்புலதான் காசு கட்டி இந்தக் கோர்ஸ்ல சேர்ந்தேன். ரெக்கார்ட் பண்ணின வீடியோ பாடங்கள், பாடத்துக்கு ஒரு குட்டி அசைன்மென்ட், கூடவே பிரவுசர்லயே ஓடுற ஒரு சிமுலேஷன், இவ்ளோதான் பேக்கேஜ். கம்பெனி பேரைப் போடல, ஏன்னா கீழ சில குறையும் எழுதியிருக்கேன். இந்த விஷயத்துல எந்தக் கோர்ஸ் வாங்குறதா இருந்தாலும் எதைப் பாத்து வாங்கணும்னு தெரிஞ்சா போதும்.

எனக்கு இது பிடிச்சிருக்கு, நல்லாவே பிடிச்சிருக்கு. பிடிச்சதுக்குக் காரணம் அந்த சிமுலேஷன்ல இருக்குற ஒரே ஒரு ஸ்லைடர்.

அதுக்கு வர்றதுக்கு முன்னாடி பாடம் எப்படிப் போகுதுன்னு சொல்லிடுறேன். ஆரம்பத்துல நேரா முடிவுக்குப் போகாம, பிரபஞ்சம் விரியுதுன்னு எப்படித் தெரிஞ்சதுன்னு தொடங்குறாங்க. ஃபிரீட்மன் 1922லயே ஐன்ஸ்டீனோட சமன்பாட்டை வச்சு விரியுற பிரபஞ்சத்துக்குக் கணக்கு போட்டது, 1927ல லெமேத்ர், 1929ல ஹப்பிள் தூரத்தையும் வேகத்தையும் சேத்து வச்சுக் காட்டினது. அப்புறம் மேல எறியுற கல்லு. மெதுவா எறிஞ்சா திரும்ப விழும், போதுமான வேகத்துல எறிஞ்சா திரும்பவே வராது. பிரபஞ்சத்துக்கு அந்த எல்லைக்கோடுதான் கிரிட்டிகல் டென்சிட்டி, சராசரியா ஒரு கன மீட்டருக்கு 5, 6 ஹைட்ரஜன் அணு அளவு. அவ்ளோதாங்க! அதைவிட அதிகமா பொருள் இருந்தா ஈர்ப்பு ஜெயிச்சு எல்லாம் திரும்பச் சுருங்கி பிக் கிரன்ச், கம்மியா இருந்தா காலாகாலத்துக்கும் விரிஞ்சுகிட்டே இருக்கும். 1998 வரைக்கும் பெரிய கேள்வியே இந்த ரெண்டுல எதுன்றதுதான். விரியுற வேகம் குறையுதுன்றதுல பெருசா யாருக்கும் சந்தேகம் இல்ல, எவ்ளோ குறையுதுன்னு அளக்கத்தான் ரெண்டு டீம் கிளம்பினாங்க.

இங்கதான் கோர்ஸோட முதல் நல்ல அசைன்மென்ட் வருது. பொதுவுல எல்லாருக்கும் கிடைக்கிற சூப்பர்நோவா (நட்சத்திரம் வெடிக்கிறது) டேட்டாவைக் கொடுத்து, நம்மளையே கிராஃப் போடச் சொல்றாங்க. டைப் ஒன் ஏ சூப்பர்நோவா ஏன் தூரம் அளக்க உதவுதுன்னு அதுக்கு முன்னாடி ஒரு பாடம் இருக்கு, ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரம் (எரிஞ்சு தீர்ந்த நட்சத்திரத்தோட மிச்சம்) தாங்கக்கூடிய எடைக்கு ஒரு எல்லை இருக்கு, சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு, 1930களோட தொடக்கத்துல சந்திரசேகர் கணக்குப் போட்டுச் சொன்னது, அந்த எல்லையை நெருங்கி வெடிக்கிறதால வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவுல இருக்கும், மிச்சமிருக்குற வித்தியாசத்தை அது மங்குற வேகத்தை வச்சு சரி பண்ணிக்கலாம். சரி, கிராஃப். பொருள் மட்டுமே இருக்குற பிரபஞ்சத்துக்கு ஒரு கோடு ஏற்கெனவே போட்டு வச்சிருப்பாங்க, நீங்க புள்ளிங்களை அது மேல வைக்கணும். பக்கத்துல இருக்குற சூப்பர்நோவா எல்லாம் சமத்தா கோட்டுல உக்காருது. தூரம் போகப் போக புள்ளிங்க கோட்டை விட்டுக் கொஞ்சம் மேல ஏறுது, அதாவது இருக்க வேண்டியதை விட மங்கலா இருக்கு, அதாவது நாம நினைச்சதை விடத் தள்ளி இருக்கு. பிரபஞ்சம் விரியுற வேகம் குறையல, கூடிகிட்டு இருக்கு. பெர்ல்மட்டர் டீமும், ஷ்மிட், ரீஸ் இருந்த டீமும் 1998ல தனித்தனியா பாத்தது இதைத்தான், 2011ல நோபல் கிடைச்சதும் இதுக்குத்தான். படிச்சுத் தெரிஞ்சுக்கிறது வேற, அந்தப் புள்ளி நம்ம கண்ணு முன்னாடி கோட்டை விட்டு விலகுறதைப் பாக்குறது வேற. நான் போட்ட கிராஃபை இன்னும் டெலீட் பண்ணல.

இப்ப ஸ்லைடர். அப்படி விரியுற வேகத்தைக் கூட்டுற, டார்க் எனர்ஜின்னு நாம பேரு வச்சிருக்குற அந்த சமாச்சாரத்துக்கு டபிள்யூன்னு ஒரு எண் இருக்கு, அதோட அழுத்தத்தை அதோட ஆற்றல் அடர்த்தியால வகுத்தா வர்ற எண். சிமுலேஷன்ல கீழ ஒரு நீளமான பட்டை, நடுவுல மைனஸ் 1. அங்கயே விட்டா, வெளி எவ்ளோ விரிஞ்சாலும் டார்க் எனர்ஜியோட அடர்த்தி மாறாது, 1917ல ஐன்ஸ்டீன் சேத்துட்டு அப்புறம் எடுத்துட்ட அந்த மாறிலி மாதிரியே நடந்துக்கும், திரையில காலக்சிங்க ஒண்ணொண்ணா விலகிப் போய் மறையும், நம்ம காலக்சிக் கூட்டம் மட்டும் மிஞ்சும். பட்டையை லேசா இடது பக்கம் தள்ளினா, அதாவது மைனஸ் 1க்கும் கீழ, விரிய விரிய டார்க் எனர்ஜி அடர்த்தி கூடிகிட்டே போகும், கிராஃப் திடீர்னு செங்குத்தா ஏறி ஒரு இடத்துல அப்படியே முடிஞ்சிடும். அதுதான் பிக் ரிப். மைனஸ் 1.5ல வச்சா கோல்ட்வெல், கமியோன்கோவ்ஸ்கி, வைன்பெர்க் மூணு பேரும் 2003ல எழுதின கணக்கு அப்படியே திரையில ஓடும்: இன்னும் 2,200 கோடி வருஷத்துல எல்லாம் கிழிஞ்சிடும், அதுக்கு 6 கோடி வருஷம் முன்னாடி பால்வெளி சிதறும், 3 மாசம் முன்னாடி சூரியனை விட்டு கிரகங்க பிரியும், கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது பூமி போகும், கடைசி கடைசியா அணுவே பிய்ஞ்சிடும். மூலையில ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுது, அந்தக் கடைசி அரை மணி நேரத்துல நான் மூச்சு விடாமப் பாத்துகிட்டு இருந்தேன்.

ஆனா அந்தம்மா (பாடம் எடுக்குறவங்க, பிரமாதமான டீச்சர்) அங்கயே நிறுத்தி ஒண்ணு சொல்றாங்க, மைனஸ் 1.5ன்றது உதாரணத்துக்கு எடுத்துகிட்ட எண், அளந்த எண் வேறன்னு. பிளாங்க் சாட்டிலைட்டோட 2018 முடிவை மத்த டேட்டாவோட சேத்தா மைனஸ் 1.03, பிழை கூட்டியோ கழிச்சோ 0.03. மைனஸ் 1 கிட்டத்தட்ட அதுக்குள்ளயே வந்துடுது. அப்படின்னா பிக் ரிப் வரவே வராதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா வந்தாலும் அது 2,200 கோடி வருஷத்தை விட ரொம்ப ரொம்பத் தள்ளி இருக்கும். இதுதான் எனக்கு இந்தக் கோர்ஸ்ல மதிப்பா பட்ட விஷயம். எந்த முடிவைச் சொன்னாலும் அது எந்த எண்ணுல தொங்குது, அந்த எண்ணை யாரு அளந்தாங்க, எவ்ளோ துல்லியமா அளந்தாங்கன்னு கூடவே சொல்லிடுறாங்க. பிரபஞ்சத்தோட முடிவுன்னா ஏதோ சாமியார் ஜோசியம் சொல்ற விஷயம் மாதிரி பேசுறவங்க எல்லாரும் இந்த ஒரு பாடத்தையாவது பாக்கணும்.

அடுத்தது ஹீட் டெத். மொத்தக் கோர்ஸ்லயே நீளமான பகுதி இதுதான், நீளமா இருக்கணும்தான், ஏன்னா இன்னைக்கு நம்மகிட்ட இருக்குற அளவுகளை அப்படியே நம்பினா நடக்கப் போறது இதுதான். 1850கள்ல கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வெப்ப இயக்கவியலை வச்சு ஆரம்பிச்ச யோசனை, எல்லா இடமும் ஒரே வெப்பநிலைக்கு வந்துட்டா அதுக்கப்புறம் எந்த வேலையும் நடக்காதுன்னு. இதுல 1997ல ஆடம்ஸ், லாஃப்லின் ரெண்டு பேரும் போட்ட காலக்கணக்கை எடுத்துகிட்டு ஒவ்வொரு கட்டமா கூட்டிட்டுப் போறாங்க. நம்ம சூரியன் இன்னும் 500 கோடி வருஷத்துல சிவப்பு ராட்சசனா ஊதும், அது இந்தக் கணக்குல ஒண்ணுமே இல்ல. சின்னச் சிவப்புக் குள்ள நட்சத்திரங்க லட்சம் கோடி வருஷக் கணக்குல எரியும். ஏறக்குறைய 100 லட்சம் கோடி வருஷத்துல புது நட்சத்திரம் பிறக்குறது நின்னுடும். அப்புறம் வெள்ளைக் குள்ளன், நியூட்ரான் நட்சத்திரம், கருந்துளை, இதுங்கதான் மிச்சம். புரோட்டான் தானா சிதையுமான்ற கேள்வி இங்க வருது, ஜப்பான்ல மலைக்கு அடியில 50,000 டன் தண்ணியை வச்சுகிட்டு சூப்பர் கமியோகாண்டேன்ற ஆய்வுக்கூடத்துல காத்துகிட்டே இருக்காங்க, இதுவரைக்கும் ஒண்ணு கூட சிதைஞ்சதா பாக்கல, அதனால ஆயுசு குறைஞ்சது 1க்குப் பின்னாடி 34 சைபர் வருஷம்னு மட்டும் சொல்ல முடியுது.

கருந்துளை பாடத்துல ஒரு விஷயம், நான் வேற எங்கயும் இவ்ளோ தெளிவா கேட்டதில்ல. ஹாக்கிங் 1974ல சொன்னபடி கருந்துளைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, மெதுவா ஆவியாகும்னு நாம எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். ஆனா சூரியன் எடை உள்ள கருந்துளையோட வெப்பநிலை ஒரு கெல்வின்ல பத்துக் கோடில ஆறு பங்கு மாதிரி, அவ்ளோ ஜில்லு. அதைச் சுத்தி இருக்குற வெளியே பெருவெடிப்போட மிச்ச வெளிச்சத்தால 2.7 கெல்வின்ல இருக்கு. அதனால இன்னைக்கு அந்தக் கருந்துளை வெளிய விடுறதை விட உள்ள வாங்குறதுதான் ஜாஸ்தி, எடை ஏறிகிட்டுதான் இருக்கு! பிரபஞ்சம் விரிஞ்சு விரிஞ்சு கருந்துளையை விடக் குளிர்ந்த பிறகுதான் நெசமாவே கரைய ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் 1க்குப் பின்னாடி 67 சைபர் வருஷம் ஆகும் அது முழுசா போக, காலக்சி நடுவுல இருக்குற ராட்சசக் கருந்துளைங்களுக்கு 100 சைபர் வரைக்கும் போகுது. இதைக் கேட்டுட்டு நான் வீடியோவை நிறுத்திட்டு மறுபடி முதல்ல இருந்து பாத்தேன்.

இந்த இடத்துல ஒரு பெரிய குறை. சப்டைட்டில். அடுக்கு எண்ணு எதுவும் மேல ஏறவே இல்ல, எல்லாம் ஒரே வரிசையில ஒட்டிகிட்டு வருது. 1க்குப் பின்னாடி 100 சைபர்னு அவங்க வாயால சொல்லும்போது கீழ "10100 ஆண்டுகள்"னு ஓடுது. அதாவது பத்தாயிரத்து நூறு வருஷம். 67 சைபர்னு சொன்ன இடத்துல "1067 ஆண்டுகள்". சத்தத்தை அணைச்சிட்டு சப்டைட்டில் மட்டும் பாக்குறவங்க, காது கேக்காதவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க? இந்தப் பாடமே அந்த எண்ணோட பிரம்மாண்டத்துலதான் நிக்குது, அதைப் போய் இப்படி விட்டா எப்படி? சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், குறிச்சுகிட்டோம்னு பதில் வந்துச்சு, இதை எழுதுற வரைக்கும் மாறல. காசு வாங்கிட்டு விக்கிற பாடத்துல இதைச் சரி பண்ணாம இருக்குறது எனக்கு ஏத்துக்க முடியல.

வேக்யூம் டிகே (வெற்றிடமே சரியுறது) பாடம் மட்டும் கோர்ஸோட தரத்துக்கு ஒத்து வரல. வேற யாரோ எடிட் பண்ணின மாதிரி இருக்கு, பின்னாடி டம் டம்னு பயமுறுத்துற மியூசிக், ஒரு குமிழி ஒளி வேகத்துல வந்து எல்லாத்தையும் அழிக்கிற அனிமேஷன், அது ரெண்டு தடவை வேற. விஷயம் என்னவோ அருமையான விஷயம். நாம இருக்குற வெற்றிடமே அடிமட்ட நிலை இல்லாம இருக்கலாம், அதைவிடக் கீழ இன்னொரு நிலை இருக்கலாம், எங்கயாவது ஒரு இடத்துல அதுக்குத் தாவிட்டா அந்தக் குமிழி பரவும்னு கோல்மன் 1977லயும், டி லூச்சியாவோட சேந்து 1980லயும் கணக்கு எழுதினாரு. 2012ல ஹிக்ஸ் துகள் கிடைச்சு அதோட நிறை 125 ஜிஇவின்னு (துகளோட நிறையைச் சொல்ற அலகு) தெரிஞ்சப்புறம் இது சும்மா யோசனையா இல்லாம எண்ணு போட்டுப் பாக்குற விஷயமாச்சு. ஹிக்ஸ் நிறையையும் டாப் குவார்க்ன்ற இன்னொரு துகளோட நிறையையும் சேத்துப் பாத்தா, இப்ப நமக்குத் தெரிஞ்ச இயற்பியல் ரொம்பப் பெரிய ஆற்றல் வரைக்கும் அப்படியே செல்லும்னு வச்சுகிட்டா, நம்ம வெற்றிடம் உறுதியா நிக்கிறதுக்கும் சரியுறதுக்கும் நடுவுல ஒரு மெல்லிய பட்டையில இருக்கு, சரியுறதுக்கு எதிர்பாக்குற காலமோ பிரபஞ்சத்தோட இன்னைக்கு வயசான 1,380 கோடி வருஷத்தை விட நினைச்சே பாக்க முடியாத அளவு பெருசு. இந்தக் கடைசி வரியைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும், அவங்க அதைப் பாடத்தோட வாலுல அவசரமா சொல்லிட்டுப் போறாங்க. துகள் மோதுற மெஷின் இதைத் தூண்டிவிடாதான்னு கேக்குறவங்களுக்கு நேரான பதிலும் இல்ல. பதில் ரொம்ப எளிசு, செர்ன் ஆய்வுக்கூடத்து மெஷின்ல நடக்குற மோதலை விட வலுவான மோதல் காஸ்மிக் கதிரால வான்வெளியில கோடானு கோடி வருஷமா நடந்துகிட்டேதான் இருக்கு, நாம இன்னும் இருக்கோம். ஸ்கூல் பசங்க இந்தப் பாடத்தைப் பாத்தா ராத்திரி தூங்க மாட்டாங்க, பெத்தவங்க கூட உக்காந்து பாக்குறது நல்லது.

சுழற்சி மாதிரிகள் (முடிஞ்ச பிரபஞ்சம் மறுபடி தொடங்கும்னு சொல்ற யோசனைங்க) பத்தி ஒரே ஒரு சின்னப் பாடம்தான், ஸ்டைன்ஹார்ட், டூரோக் சொன்னதும் பென்ரோஸ் சொன்னதும். இன்னும் அளந்து பாத்து உறுதியான ஆதாரம் இல்லாத விஷயம், அவ்ளோ போதும்னுதான் எனக்கும் தோணுது.

இப்ப ரெண்டாவது பெரிய குறை, என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் ஸ்டார் குறைக்க வச்சது. கோர்ஸ் எடுத்தது டெசின்ற டார்க் எனர்ஜி ஆய்வுத் திட்டத்தோட முடிவுங்க வர்றதுக்கு முன்னாடி. அரிசோனால கிட் பீக் மலையில ஒரு டெலஸ்கோப்புல 5,000 ஃபைபரை ரோபோ வச்சு நகத்தி நகத்தி காலக்சிகளோட ஒளியைப் பிரிச்சுப் பாக்குறாங்க. ஆதி பிரபஞ்சத்துல ஓடின ஒலி அலை காலக்சிங்க பரவியிருக்குற விதத்துல ஒரு தடம் விட்டுட்டுப் போயிருக்கு, இன்னைய கணக்குல ஏறக்குறைய 50 கோடி ஒளியாண்டு நீளம், அதையே அளவுகோலா வச்சு எந்தக் காலத்துல எவ்ளோ வேகமா விரிஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறாங்க. 2024 ஏப்ரல்ல முதல் வருஷ முடிவு, 2025 மார்ச்ல மூணு வருஷ டேட்டா, ஏறக்குறைய 1.5 கோடி காலக்சி, குவாசார் (ரொம்பப் பளிச்சுன்னு தெரியுற காலக்சி நடுப்பகுதி). இதை சூப்பர்நோவா, பெருவெடிப்பு மிச்ச வெளிச்சம் ரெண்டோடயும் சேத்தா, டார்க் எனர்ஜி மாறாத ஒண்ணா இல்லாம காலப்போக்குல வலு குறையுற மாதிரி தெரியுது, எந்த சூப்பர்நோவா தொகுப்பைச் சேக்குறோம்ன்றதைப் பொறுத்து 2.8ல இருந்து 4.2 சிக்மா (முடிவு தற்செயல் இல்லன்றதுக்கு எவ்ளோ உறுதின்னு சொல்ற அளவு) வரைக்கும். 5 சிக்மா வந்தாதான் கண்டுபிடிப்புன்னு சொல்லுவாங்க, அதனால இன்னும் ஆகல. ஆனா பாருங்க, இது உண்மைன்னு ஆயிட்டா அந்த ஸ்லைடரே போதாது! டபிள்யூ ஒரே எண்ணா நிக்காது, காலத்தோட மாறும், பட்டை ரெண்டு வேணும். வலு குறைஞ்சுகிட்டே போனா வேகமா விரியுறது ஒரு நாள் நிக்கலாம், 1998ல மூட்டை கட்டி வச்ச பிக் கிரன்ச் கூட மறுபடி பேச்சுல வரலாம், டேட்டா அவ்ளோ தூரத்துக்கு எதையும் இன்னும் சொல்லல. முடிவு ஒரு எண்ணுலதான் தொங்குதுன்னு இவ்ளோ அழகா சொல்லிக்கொடுத்தவங்க, அந்த எண்ணே ஆடுதோன்னு சந்தேகம் வந்த நேரத்துல ஒரு பத்து நிமிஷ வீடியோ கூட சேக்காம இருக்கலாமா? யூக்ளிட் விண்வெளி டெலஸ்கோப் 2023ல மேல போயாச்சு, ரூபின் டெலஸ்கோப் 2025 ஜூன்ல முதல் படங்களைக் காட்டியாச்சு, இனிமே ஒவ்வொரு வருஷமும் புதுசு வரும். அப்டேட் இல்லாத கோர்ஸ் சீக்கிரம் பழசாகிடும்.

பக்கத்துல இருக்குற பெரிய காலக்சியான ஆண்ட்ரோமெடா விஷயத்துலயும் இதே கதை. நம்ம பால்வெளி மேல அது நிச்சயமா மோதும்னு பாடத்துல சொல்றாங்க. கையா, ஹப்பிள்ன்ற விண்வெளி டெலஸ்கோப்புங்களோட டேட்டாவை வச்சு 2025ல வந்த ஆய்வு, அடுத்த 1,000 கோடி வருஷத்துல மோதுறதுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்புன்னு சொல்லுது.

கடைசிக்கு முந்தின பாடத்தைப் பத்தி சொல்லாம விட மனசு வரல. க்ராவுஸ், ஷெரர் ரெண்டு பேரும் 2007ல எழுதினதை வச்சு எடுத்த பாடம். இன்னும் 10,000 கோடி வருஷம் போல ஆனா நம்ம காலக்சிக் கூட்டத்தைத் தாண்டி வேற எந்தக் காலக்சியும் கண்ணுல படாது, பெருவெடிப்போட மிச்ச வெளிச்சமும் எந்தக் கருவியிலயும் சிக்காத அளவு நீண்டு மங்கிடும். அப்ப ஒரு கிரகத்துல யாராவது டெலஸ்கோப் கட்டிப் பாத்தா, பிரபஞ்சம்னா தன்னோட ஒரே காலக்சிதான், சுத்தி வெறுமைன்னுதான் முடிவு பண்ணுவாங்க. விரியுதுன்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு வழியே இருக்காது. சூப்பர்நோவா கிராஃப் போட்டுட்டு வந்து இந்தப் பாடத்தைப் பாக்கும்போது அந்தப் புள்ளிங்க ஒவ்வொண்ணும் எவ்ளோ பெரிய அதிர்ஷ்டம்னு உறைக்குது. நான் அழுதேன்னே சொல்லலாம்.

யாருக்கு வாங்கச் சொல்லுவேன்? பிளஸ் டூ அளவு கணக்கு தெரிஞ்சவங்க, கிராஃப் பாத்து பயப்படாதவங்க தாராளமா வாங்கலாம். அசைன்மென்ட் எல்லாம் பண்ண மாட்டேன், வீடியோ மட்டும் பாப்பேன்னா வேண்டாம், பாதி சரக்கு அசைன்மென்ட்லதான் இருக்கு. 5க்கு 4 கொடுக்குறேன், டெசி பாடம் சேத்து சப்டைட்டிலைச் சரி பண்ணா 5. சிமுலேஷன் மொபைல்ல சரியா வராது, ஸ்லைடர் விரலுக்கு சிக்காம மைனஸ் 1ல இருந்து நேரா மைனஸ் 1.3க்குத் தாவுது, லேப்டாப்லயே பாருங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி அக்சஸ் எவ்ளோ நாளைக்கு, அப்டேட் வந்தா அதுவும் சேத்தான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.